ஏற்றத்தில் ஒரு நாற்காலி

சைக்கிள் பந்தயத்தைப் பற்றி என்னிடம் யாரும் பேச வருவதில்லை. என் காபிக்கடைச் சுவரில் ஒரு பந்தயக்காரன் படம்கூடக் கிடையாது. எங்கள் மலைப்பக்கத்தில் மாதா படம் இல்லாத கடைகூட இருக்கலாம், சைக்கிள்காரன் படம் இல்லாத கடை இருக்காது. வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால், "காபி குடிக்க வந்தீங்களா, படம் பாக்க வந்தீங்களா?" என்பேன். வாயை மூடிக்கொண்டு குடிப்பார்கள்.

என் தங்கை தெல்ஃபீனாவின் கணவன் பந்தயக்காரன். நட்ஸரேனோ என்று ஞானஸ்நானப் பெயர், எங்களுக்கெல்லாம் நேனோ. பந்தயக்காரன் என்றதும் கோப்பை, பூச்செண்டு, கன்னத்தில் முத்தம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவன் அணித் தலைவனுக்கு வேலைக்காரன். தலைவனுக்குத் தாகம் எடுத்தால் வழியில் ஏதாவது ஒரு கடைக்குள் பாய்ந்து, சட்டைக்குள் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, விட்ட தூரத்தைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் முன்னால் போய்த் தன் மார்பில் வாங்கிக்கொண்டு, தலைவனை முதுகுக்குப் பின்னால் சுகமாக அழைத்துப் போக வேண்டும். தலைவனின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடுரோட்டில் நிற்க வேண்டும். பதினோரு வருஷம் இதைச் செய்தான். ஒரு நாளும் முதலாவதாக எங்கேயும் வந்ததில்லை.

"இன்னிக்கு எத்தனாவது?" என்று தெல்ஃபீனா கேட்பாள்.

"எனக்குப் பின்னாடி ரெண்டு பேர் வந்தாங்க," என்பான் பெருமையாக.

"ஆம்புலன்ஸ் ஓட்டுறவனும் நர்ஸுமா?"

அவள் சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் அவளைக் கட்டினான் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு கிடையாது, அதனால் என்னை யாரும் கட்டவில்லை என்றும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஊர் மொந்தெசால்வோ. மலைமேல் இருக்கிறது. எந்தக் காலத்துப் பயமோ, இங்கே எல்லா ஊரும் மலை உச்சியில்தான். கீழ்வாசல் கோட்டைக் கதவிலிருந்து மேல்வாசல் வரைக்கும் ஒரே தெரு. கோஸ்தா என்று பெயர். கல் பாவிய தெரு, இரண்டு பக்கமும் வீடுகள் தோளோடு தோள் இடிக்கும், நடுவில் குவிரீனோவின் கசாப்புக் கடைக்கு எதிரே ஒரு வளைவு. அந்த வளைவில் கழுதைகூட நின்று யோசித்துவிட்டுத்தான் ஏறும்.

ஊர் ஊராக மூன்று வாரம் ஓடுகிற பெரிய பந்தயம் எங்கள் ஊர் வழியாக வந்ததே இல்லை. வருஷா வருஷம் பக்கத்து மலைக் கணவாயில்தான் ஏறிப் போகும். ஊர் ஆண்கள் எல்லாரும் ரொட்டியும் ஒயினுமாகக் காலையிலேயே அங்கே போய்விடுவார்கள். வேடிக்கை பார்க்க மட்டும் அல்ல, தள்ளிவிட. ஏற்றத்தில் நாக்குத் தள்ளி வருகிற பந்தயக்காரனைப் பின்னாலிருந்து இடுப்பில் கைவைத்துப் பத்தடி தள்ளிவிட்டு, அடுத்தவன் கையில் ஒப்படைப்பார்கள். அது இந்தப் பக்கத்து அன்பு. கையால்தான் காட்டத் தெரியும்.

ஒரு குளிர்காலம் எங்கள் சமையலறையில் நேனோ இதை நடித்துக் காட்டினான். குவிரீனோவும் இருந்தான். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் அடி வாங்கியவர்கள்.

"தள்ளு வாங்கினா அபராதம் அக்கா. நேரத்தையும் கூட்டிப்புடுவாங்க. நடுவர் வண்டி பின்னாடியே வரும். அவனுக்குக் கேக்கணும்ல? அதனால நாங்க கத்துவோம். 'தொடாதீங்கடா! கைய எடுங்கடா பாவிங்களா! தள்ளாதீங்கடா!'ன்னு தொண்டை கிழியக் கத்துவோம்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? மெதுவா, 'இன்னும் கொஞ்சம் தள்ளு ராசா'ம்போம்."

"இதுல நான் கில்லாடி," என்று குவிரீனோ தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். இரண்டு பன்றியைத் தோளில் போடுகிற கைகள். "எவன் ரொம்பக் கத்துறானோ அவனுக்கு ரொம்ப வேணும்னு அர்த்தம். சும்மா இருக்கிறவனை விட்டுருவேன். கத்துறவனை விடவே மாட்டேன்."

தெல்ஃபீனாவுக்கு இது போதாதா? அந்தக் குளிர்காலம் முழுக்க நேனோ அவள் இடுப்பில் கை போடும்போதெல்லாம், "தொடாதீங்கடா பாவிங்களா!" என்று கத்தி ஊரைக் கூட்டுவாள். சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் அவளுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திறந்து பார்த்தார்கள். அப்படியே மூடித் தைத்து, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

அந்த வருஷம் பார்த்துத்தான் பந்தயப் பாதையை மாற்றினார்கள். கணவாயில் மண் சரிந்து கிடந்ததால் எங்கள் கோஸ்தா வழியாக ஏறி, மேல்வாசலைத் தாண்டி, அந்தப் பக்கப் பள்ளத்தாக்கில் இறங்கிப் போகும் என்று செய்தி வந்தது. ஊர் முழுக்கத் திருவிழா. நேனோ மட்டும் நான் போகவில்லை என்றான். அவள் படுக்கையில் இருக்கும்போது எவனுக்கோ தண்ணீர் தூக்க என்னால் முடியாது என்றான்.

தெல்ஃபீனா விடவில்லை. "நீ வீட்டுல இருந்து என்ன செய்யப் போறே? தட்டு தட்டா உடைச்சுக்கிட்டு மூலையில நின்னு அழுவே. நான் சாகறதுக்கு முன்னாடி நீ அழுதே செத்துருவே. போ. நம்ம ஊர் வழியா ஒரு தடவை வா. நான் பாக்கணும்."

போனான். ஆனால் போன விதம் இருக்கிறதே. விடியும் முன்னால், பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளை எழுப்பாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான். நான் காலையில் பால் கொண்டுபோனபோது அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நான் முழிச்சுத்தான் இருந்தேன் அக்கா. கதவைச் சாத்துறப்ப எவ்வளவு மெதுவாச் சாத்தினான் தெரியுமா? பூனை மாதிரி."

"கோழை," என்றேன்.

"இல்ல. எங்கிட்ட சொல்லிக்கிட்டுப் போகணும்னா வாசலைத் தாண்டியிருக்க மாட்டான். எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிக்கணும்ல? இது மத்த வருஷம் மாதிரி இல்லையே. திரும்பி வர்றப்ப நான் இருக்க மாட்டேன்." இதைச் சொல்லிவிட்டு என் கையிலிருந்த பாலை வாங்கிக் குடித்தாள். "என் புருஷன் எங்கிட்ட நேரா மூஞ்சியப் பாத்துச் சொல்லிக்கிட்டுப் போகணும் அக்கா. அது ஒண்ணுதான் எனக்கு இப்ப வேணும்."

அதற்கு ஒரு வழி இருந்தது. அவளே கண்டுபிடித்தாள். பந்தயக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாதை ஒருவனின் சொந்த ஊர் வழியாகப் போனால், அவன் மற்ற அணித் தலைவர்களிடம் அனுமதி கேட்கலாம். கொடுத்தால் எல்லாரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவனை மட்டும் முன்னால் விடுவார்கள். அவன் போய்த் தன் வீட்டாரைக் கட்டிக்கொண்டு, கூட்டம் வந்து சேர்ந்ததும் மறுபடி அதில் கலந்துவிட வேண்டும். அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிப் போய்ப் பந்தயத்தை ஜெயிக்கப் பார்க்கிறவனை அதற்கப்புறம் யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். இதெல்லாம் உள்ளுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது தள்ளுவது மட்டும்தான்.

நேனோ தினமும் சாயங்காலம் என் கடைக்குப் போன் செய்வான். படியிறங்கி வந்து பேச அவளுக்குத் தெம்பில்லை. நான்தான் நடுவில் நின்று இங்கேயும் அங்கேயும் கொண்டுபோனேன். அனுமதி கேட்கச் சொல்கிறாள் என்றேன். கேட்டுப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டான். இரண்டு நாள் போன் வரவில்லை, பிறகு கூப்பிட்டான்.

"எல்லாத் தலைவர்கிட்டயும் கேட்டுட்டேன் அக்கா. ஒவ்வொருத்தன் ரூமுக்கும் போய்க் கதவைத் தட்டினேன். எல்லாரும் சரின்னுட்டாங்க. பதினோரு வருஷத்துல நான் யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்ல, அதனாலயோ என்னமோ. அவகிட்ட சொல்லுங்க. நான் முன்னாடி வந்துருவேன். இறங்கிருவேன். அவ பக்கத்துல உக்காருவேன். அன்னிக்குச் சொல்லாமப் போனதை..." போன் வைக்கிற சத்தம் கேட்டது. நானும் போனை வைத்துவிட்டேன்.

இடத்தைத் தெல்ஃபீனாதான் தேர்ந்தெடுத்தாள். குவிரீனோ கடைக்கு எதிரே, அந்த வளைவு. "அங்கதான் ரொம்பச் செங்குத்து. அங்க அவன் நடக்கிற வேகத்துலதான் வருவான். சுலபமா இறங்கலாம்." இன்னொன்றும் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லாத அக்கா. சொன்னா ஊரே தொப்பியக் கழட்டிக்கிட்டுச் சுத்தி நிக்கும். பாதிரியார் சாகறவங்களுக்குப் பூசுற எண்ணெய்ச் சிமிழோட வந்துருவார். எனக்கு எழவு வீடு வேண்டாம். என் புருஷனோட ரெண்டு நிமிஷம் தனியா வேணும்."

சொல்லவில்லை. அவள் கேட்டதை நான் எப்போது மறுத்திருக்கிறேன்?

பந்தயம் வருகிற அன்று காலையிலேயே அவளுக்குத் தலை வாரிவிட்டேன். உதட்டுக்குச் சிவப்புப் பூசச் சொன்னாள். நீல உடுப்பு இரண்டு ஆள் நுழைகிற மாதிரி தொங்கியது. முதுகுப்பக்கம் மடித்து ஊசி குத்தி, மேலே சால்வை போட்டு மறைத்தேன். கீழே தூக்கிப் போக யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் குவிரீனோவே வந்து நின்றான். கசாப்புக் கடைக்காரன் அன்று ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான்.

"வாடி தெல்ஃபீ, உன் குதிரை வந்துருச்சு," என்று அவளைக் குழந்தை மாதிரி கைகளில் ஏந்தினான். தூக்கியதும் அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் அவ்வளவு லேசாக இருந்திருக்கிறாள். ஆனால் வாய் நிற்கவில்லை. "அடியம்மா, என்ன கனம், என்ன கனம்! ஒரு கன்னுக்குட்டியத் தூக்கியிருக்கலாம் போல!"

"கைய எடுடா பாவி," என்றாள் அவள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

வளைவில் வைக்கோல் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஊர் முழுக்கத் தெருவில் இருந்தது. ஜன்னல்களில் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து தெல்ஃபீனாவின் கையைத் தொட்டு, நல்லா இருக்கே, நிறம் வந்துருச்சே என்று பொய் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. கீழ்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கைகள் ஒன்றையொன்று பிசைந்தபடி இருந்தன. கல்யாணத்தன்றைக்குக்கூட அவளை நான் அப்படிப் பார்க்கவில்லை.

முதலில் ஒலிபெருக்கி வண்டி வந்தது. கோட்டைக் கதவுக்குள் நுழையும்போதே சொல்லிக்கொண்டு வந்தது: முன்னால் ஒரே ஒருவன், கூட்டம் வெகு பின்னால், முன்னால் வருவது உங்கள் ஊர் நட்ஸரேனோ!

அந்தச் சத்தத்தை நான் மறுபடி கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம். ஊர் ஒரே வாயாகக் கத்தியது. பதினோரு வருஷம் கடைசியில் வந்தவன், எவனெவனுக்கோ தண்ணீர் சுமந்தவன், இன்று தன்னந்தனியாக முன்னால் வருகிறான். அவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? கிழவர்கள் அழுதார்கள். சுவர் ஓரமாக நின்றவர்கள் எல்லாரும் தெருவுக்குள் இறங்கிவிட்டார்கள். நாற்காலிக்கு முன்னாலும் ஆள் நின்றது. நான் தள்ளினேன், இடித்தேன், ஒருவன் காலை மிதித்தேன்.

நேனோ வளைவுக்குக் கீழே வந்துவிட்டான். வேகத்தைக் குறைத்தான். தலையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினான். ஒரு கையைக் கீழே இறக்கி, காலைப் பெடலோடு கட்டியிருக்கும் தோல்வாரை அவிழ்க்கப் பார்த்தான்.

"தளர்ந்துட்டான்டா!" என்று குவிரீனோ அலறினான். "முடியல அவனுக்கு! தள்ளுங்கடா! நம்ம நேனோவைத் தள்ளுங்கடா!"

அவன்தான் முதலில் பாய்ந்தான். அந்த இரண்டு கைகளும் நேனோவின் இடுப்பில் விழுந்தன. பிறகு இன்னும் இரண்டு, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாது.

"விடுங்கடா!" என்று நேனோ கத்தினான். "தள்ளாதீங்கடா! குவிரீனோ, விடுறா! நான் இறங்கணும்! கைய எடுங்கடா!"

எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்படித்தான் கத்தணும்! கத்துடா ராசா!"

"நடுவருக்குக் கேக்கட்டும்! இன்னும் சத்தமா!"

அவன் கத்தக் கத்த அவர்கள் தள்ளினார்கள். ஒரு கையை எடுத்துவிட்டதால் விழாமல் இருக்க மறுபடி பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கால் கட்டிக் கிடந்தது. அவன் தெல்ஃபீனாவைப் பார்த்துவிட்டான். "தெல்ஃபீனா!" என்று கூவினான். ஊருக்கு அது இன்னும் பிடித்துப் போனது. மனைவி பெயரைச் சொல்லி ஏறுகிறானாம். "தெல்ஃபீனா! தெல்ஃபீனா!" என்று தெருவே கூவ ஆரம்பித்தது. நானும் கத்தினேன். அவன் இறங்கணும், அவனை விடுங்க, விடுங்க என்று கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் நாற்காலியின் கைப்பிடிகளில் ஊன்றிப் பாதி எழுந்துவிட்டாள். கையை நீட்டினாள். அவனும் நீட்டினான். இடையில் யாரோ ஒருவனின் தொப்பி, யாரோ ஒருவனின் தோள். கைகள் தொடவில்லை. அவனைக் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டே மேலே கொண்டுபோனார்கள். திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். வாய் திறந்திருந்தது. வளைவு அவனை மறைத்தது.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் வந்தது. நூறு சைக்கிள்கள், பின்னால் வண்டிகள், புகை. தெரு அடைத்துக்கொண்டது.

தெல்ஃபீனா உட்கார்ந்துவிட்டாள். சால்வை நழுவி முதுகில் குத்திய ஊசிகள் தெரிந்தன. நான் அவள் முன்னால் முழங்காலிட்டு, "அவன் நிக்கத்தான் பாத்தான்டி. இந்த மடையனுங்க விடல. எப்படிக் கத்தினான் பாத்தியா? தள்ளாதீங்கன்னு கத்தினானே, உனக்குக் கேக்கலையா?" என்றேன்.

"கேட்டுச்சு," என்றாள். "எல்லாரும் அப்படித்தான் கத்துவாங்க அக்கா."

"இல்லடி, இது நிஜமாவே..."

"விடு." என் கன்னத்தைத் தொட்டாள். கை ஜில்லென்று இருந்தது. "பதினோரு வருஷம் அக்கா. எல்லார் முதுகையும் பாத்துக்கிட்டே வந்தவன். இன்னிக்கு அவனுக்கு முன்னாடி யாருமே இல்ல. அந்த நேரத்துல எவன் இறங்குவான்? நானா இருந்தாலும் இறங்கியிருக்க மாட்டேன். நல்லா ஏறினான், இல்ல?"

சிரித்தாள். அது அவளுடைய பழைய சிரிப்பு இல்லை. சத்தமில்லாமல் இருந்தது. "வீட்டுக்குப் போலாம். குளிருது," என்றாள். ஜூன் மாத வெயில் தலையைப் பிளந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். வைத்தியர் வந்து ஊசி போட்டார். என்னைக் கதவுக்கு வெளியே அழைத்து, இனி பக்கத்திலேயே இருங்கள் என்றார். படுக்கையருகே உட்கார்ந்தேன். தெருவில் ஊர் பாடிக்கொண்டிருந்தது.

பிற்பகலில் வாசலில் செருப்புச் சத்தம். குவிரீனோவும் அவனுக்குப் பின்னால் நாலைந்து பேரும். குவிரீனோ தோளில் ரிப்பன் கட்டிய ஒரு முழுப் பன்றித்தொடை. மேல்வாசலை முதலில் கடக்கிறவனுக்கு ஊராட்சி அறிவித்திருந்த பரிசு. நேனோ வாழ்க்கையில் முதன்முதலாக ஜெயித்தது. சக்கரத்தில் கட்டிக்கொண்டு போக முடியாதல்லவா, மனைவியிடம் கொடுக்கத் தூக்கி வந்திருக்கிறார்கள். குவிரீனோ குடித்திருந்தான், வியர்த்திருந்தான், முகமெல்லாம் சந்தோஷம்.

"இந்தக் கைதான் எர்சிலியா! இந்த ரெண்டு கைதான்! தெல்ஃபீ எங்க? அவகிட்டக் காட்டணும். மேல போனதும் என்ன நடந்துச்சு தெரியுமா? வாசலைத் தாண்டுனதும் சைக்கிளோட சாஞ்சு விழுந்துட்டான். எந்திரிச்சு, அழுதுக்கிட்டே திரும்பக் கீழ ஓடப் பாக்குறான்! சந்தோஷத்துல புத்தி கலங்கிப்போச்சு பாவம். எந்தப் பக்கம் போகணும்னே தெரியல. கூட்டம் நெருங்கிருச்சு. நான்தான் அவனை அப்படியே தூக்கி சைக்கிள்ல உக்கார வச்சு, வாரை இறுக்கிக் கட்டி, பள்ளத்தைப் பாக்க ஒரு தள்ளு தள்ளினேன். 'வேண்டாம் வேண்டாம்'னு கத்திக்கிட்டே போறான், கழுதை!"

என் கையில் எது இருந்திருந்தாலும் அவன் தலையில் இறங்கியிருக்கும். ஒன்றும் இல்லை. அதனால் வாயால் அடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அனுமதி வாங்கியது, ஒவ்வொரு கதவாகத் தட்டியது, நாற்காலி எதற்கு, இடம் எதற்கு, அவன் எதற்குக் கத்தினான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது குவிரீனோ படியில் உட்கார்ந்திருந்தான். பன்றித்தொடையைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நிஜமாவே கத்தினானா?" என்றான்.

"ஆமா."

"நான் அவனுக்கு நல்லதுதானே எர்சிலியா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். தொடையைப் படியிலேயே வைத்துவிட்டு எழுந்தான். கடை வண்டியை எடுத்துக்கொண்டு அன்றைய ஓட்டம் முடிகிற ஊருக்கு நேனோவை அழைத்துவரப் போனான். அத்தனை குடித்தவன் அந்த மலைப்பாதையில் எப்படி ஓட்டினான் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நான் உள்ளே ஓடினேன். தெல்ஃபீனா கண்ணை மூடியிருந்தாள். மூச்சு நின்று நின்று வந்தது. காதருகே குனிந்து சொன்னேன். "அவன் மேல போய் விழுந்தான்டி. உங்கிட்டத் திரும்பி ஓடி வரப் பாத்தான். அவன் உன்னை விட்டுட்டுப் போகல. கேக்குதா? நிஜமாத்தான் கத்தினான். தெல்ஃபீ, கேக்குதா?" மறுபடி மறுபடி சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கையைப் பிடித்து, கேட்டால் ஒரு விரலை அழுத்தச் சொன்னேன். அழுத்தவில்லை. கோயில் மணி சாயங்கால ஜெபத்துக்கு அடிக்கும்போது அடுத்த மூச்சு வரவில்லை. உதட்டில் நான் பூசிய சிவப்பு அப்படியே இருந்தது.

வெளிச்சம் போவதற்குள் வண்டி வந்துவிட்டது. நேனோ பந்தயச் சட்டையிலேயே இருந்தான், முதுகில் எண் தொங்கியது, முழங்கால் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. பாதி வழியிலேயே இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு மலை ஏறித் திரும்பி வந்துகொண்டிருந்தானாம். குவிரீனோ வண்டியை விட்டு இறங்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் நேனோவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வேகமாக உள்ளே போனான், கொஞ்சம் முந்திப் போனால் இன்னும் பிடித்துவிடலாம் என்பது போல. படுக்கைப் பக்கத்தில் நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

"நான் கத்தினது அவளுக்குக் கேட்டுச்சா அக்கா?" என்றான்.

"கேட்டுச்சு."

"அப்ப அவளுக்குத் தெரியும். நான் நிக்கப் பாத்தேன்னு தெரியும்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். இன்றைக்கும் அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. எனக்குச் சட்டென்று பொய் வராது. நான் வாயைத் திறக்கத் தாமதித்ததிலேயே அவன் புரிந்துகொண்டான்.

"என்ன சொன்னா?"

"கோபப்படல நேனோ. கொஞ்சம்கூடக் கோபப்படல. உனக்கு முன்னாடி யாருமே இல்ல, அந்த நேரத்துல எவன் இறங்குவான், நானா இருந்தாலும் இறங்கியிருக்க மாட்டேன்னா. நல்லா ஏறினான்னா. சிரிச்சா."

அவன் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப நான் அவளை விட்டுட்டுப் போயிட்டேன்னுதான் நெனச்சிருக்கா," என்றான். "நெனச்சு, மன்னிச்சும் விட்டுட்டா."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். கேள்வி கேட்கிற பிள்ளை மாதிரி பார்த்தான்.

"நான் போகலையே அக்கா," என்றான்.